அரைவாசி செருகிய பிளக்

என் மிக்ஸரில் யாராவது கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வயது, மரியாதை ஒன்றும் பார்க்க மாட்டேன். மானிப்பாயில் என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒருமுறை வந்து போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். வாடகை வீடு ஒன்றின் முன் ஹோலும் அதை ஒட்டிய இரண்டு சின்ன அறைகளும்தான். ஒரு அறையில் நானும் மிக்ஸரும் கணினியும் இருப்போம். எதிர் அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருக்கிறேன். தனியாகப் பாட வேண்டியவர்களை அதற்குள் விடுவேன். இரண்டு அறைக்கும் ஹோலைப் பார்த்த யன்னல் உண்டு. கண்ணாடி போட்ட யன்னல் என்பதால் யாருடைய வாய் எப்போது திறக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

மிக்ஸர் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஒருவரிடம் வாங்கியது. மேடைக்கென்று செய்தது. பத்து மைக்குகளைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கலந்து ஒரே சத்தமாக வெளியே விடத்தான் அதற்குத் தெரியும். எனக்கு வேண்டியதோ நேர் எதிரானது. ஒவ்வொருவருடைய சத்தமும் மற்றவருடையதோடு கலக்காமல் கணினியில் தனித்தனி ட்ராக்கில் போய் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் பிறகு ஆறுதலாக இருந்து ஒருவரைக் கூட்டி இன்னொருவரைக் குறைக்கலாம். அதற்கென்றே செய்த மிக்ஸரின் விலையைக் கேட்டுவிட்டு நான் ஒரு குறுக்கு வழிக்கு வந்தேன்.

ஒவ்வொரு மைக்கின் வழிக்கும் மிக்ஸரின் பின்னால் ஒரு துளை இருக்கிறது. அதில் பிளக்கை முதல் 'டிக்' கேட்கும் வரை அரைவாசி மட்டும் செருகினால், அந்த மைக்கின் சத்தம் கணினிக்கும் போகும், மிக்ஸருக்குள்ளும் வழக்கம்போல ஓடிப் பாடுகிறவர்களின் ஹெட்போனுக்கும் என் ஸ்பீக்கருக்கும் வரும். முழுக்கச் செருகிவிட்டால் கணினிக்கு மட்டும்தான் போகும். இந்தப் பக்கம் ஒரு சொட்டும் வராது. நீர்வேலியில் அப்பாவின் வாழைத்தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறியவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. வாய்க்கால் வரம்பை அரைவாசி வெட்டினால் இந்தப் பாத்தியும் நனையும், தண்ணீர் மேற்கொண்டும் ஓடும். முழுக்க வெட்டினால் எல்லாம் ஒரு பாத்திக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதே கணக்குத்தான் இங்கேயும்.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது அப்படித் தெரியாது. மிக்ஸரின் பின்னால் வரிசையாக அரைவாசி தொங்கிக்கொண்டு நிற்கும் பிளக்குகள் இப்பவோ பிறகோ விழப்போகிறவை போலத்தான் இருக்கும். நல்ல மனம் படைத்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். எனக்கு எதிரிகளே நல்ல மனம் படைத்தவர்கள்தான்.

அப்படி ஒருவர் முதன்முதலில் வந்தது ஒரு பின்னேரம். உடுவிலிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். என் சித்தியின் மகனுக்குப் படிப்பித்தவர் என்பதால் எனக்கும் அவர் 'சேர்'தான். சைக்கிளைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலு அடி நடந்து வந்து, திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். கதவடியில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"பிள்ளை, வாற சனிக்கிழமை எங்கடை சேர்ச் கொயர் பதிவுக்கு வருதெல்லே? அதைப் பற்றி ஒரு விசயம் கதைக்க வேணும்."

"இருந்து கதையுங்கோ சேர்."

அவர் இருக்கவில்லை. "மனுசிக்குக் கழுத்திலை ஒரு கட்டி. தைரொயிட் எண்டுறாங்கள். அடுத்த கிழமை ஒப்பரேசன். குரலுக்குப் போற நரம்பு பக்கத்தாலைதான் போகுதாம். ஒண்டும் நடவாது, ஆனாலும் முதலே சொல்லி வைக்க வேணுமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்." எட்டி வெளியே சைக்கிளைப் பார்த்துக்கொண்டார். "அவவின்ரை குரலைத் தனிய எடுத்துத் தரேலுமே? மற்ற ஆக்களின்ரை சத்தம் ஒண்டும் இல்லாமல்."

"அன்ரிக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னால் வரமாட்டா."

அவருடைய மனைவி அந்தப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறவர். மேல் குரல்காரர்கள் மெட்டைப் பாடுவார்கள். ஆல்டோ அதற்குக் கீழே, மெட்டை விட்டு விலகி, வேறொரு வரியைப் பாடிக்கொண்டு போகும். கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய் முணுமுணுப்பது மெட்டைத்தான். ஆல்டோவை ஒருவரும் முணுமுணுப்பதில்லை.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் ஞாயிற்றுக்கிழமையிலை நான் கீழை சனத்தோடை வாங்கிலை, அவ மேலை கொயரிலை," என்றார். "உள்ளதைச் சொல்லுறன் பிள்ளை. அந்தச் சத்தத்துக்குள்ளை அவவின்ரை எதெண்டு எனக்கு ஒருநாளும் பிடிபடேல்லை. இனிப் பிடிபடாமலே போயிடுமோ எண்டு கிடக்கு."

எனக்கு மனம் கேட்கவில்லை. சரி என்றேன்.

சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். குழுவை நடத்தும் ரீச்சர் முதலில் எல்லோரையும் கண் மூடச் சொல்லி ஜெபித்தார். என் கணினிக்கும் மின்சாரசபைக்கும் சேர்த்து ஜெபித்தது எனக்குப் பிடித்தது. சேரும் கூட வந்திருந்தார். பாடத் தெரியாதவர் என்பதால் என் அறையில் ஒரு கதிரையில் இருந்தார்.

அன்ரி மெலிந்த மனுசி. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டிருந்தார். மெத்தை அறையைக் காட்டியதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னை ஏன் பிள்ளை உதுக்குள்ளை விடுறீர்?"

"உங்கடை குரல் மெல்லிசு அன்ரி. ஹோலிலை நிண்டால் மற்ற ஆக்கள் அமுக்கிப்போடுவினம்."

அது பொய்யும் இல்லை. குழுவில் அவர் ஒருவர்தான் ஆல்டோ. பக்கத்தில் நின்று பாடிய மற்றப் பெண்மணி மகனோடு லண்டனுக்குப் போய்விட்டார்.

"எனக்குப் பக்கத்திலை ஒரு ஆள் வேணும் பிள்ளை," என்றார் அன்ரி. "அவ இருக்கும் மட்டும் அவவின்ரை தோளோடை தோள் முட்டிக்கொண்டு பாடினனான். அவ போன பிறகு ரெனர் பாடுற பெடியனைப் பார்த்துப் பார்த்துச் சமாளிக்கிறன். தனிய விட்டால் நான் விழுந்துபோவன்."

"ஹெட்போனைப் போடுங்கோ. எல்லாரும் உங்கடை காதுக்குள்ளை வந்து நிப்பினம்."

அரைமனத்தோடு உள்ளே போனார். ஹோலில் நின்றவர்களும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அன்ரியின் சத்தம் வருவதும், அன்ரிக்கு அவர்களுடைய சத்தம் வருவதும் என் மிக்ஸர் வழியாகத்தான். கீபோட்டும் அதே வழியால்தான் எல்லோருக்கும் வந்தது. ஒத்திகையாக இரண்டு தரம் பாடிப் பார்த்தார்கள். அன்ரியின் குரல் பயந்து பயந்து வந்தது. யாருக்கோ இடைஞ்சல் கொடுக்கிறோம் என்று நினைக்கிற குரல். இதை எடுத்து இந்த மனுசனுக்கு என்னத்தைக் கொடுப்பது என்று எனக்குக் கவலையாகப் போய்விட்டது.

இடையில் எல்லோருக்கும் பிளேன் ரீ ஊற்றினேன். அவர்கள் கேக் கொண்டுவந்திருந்தார்கள். சேருக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குசினியில் கோப்பைகளைக் கழுவிவைத்துவிட்டு வந்தேன். இனி உண்மையான பதிவு என்று சொல்லித் தொடங்கினோம்.

முதல் வரி. கீபோட் வந்தது. மேல் குரல் வந்தது. பெடியனின் ரெனர், அதற்கும் கீழே பாஸ் என்று ஆண் குரல்கள், எல்லாம் வந்தன. ஆல்டோ இல்லை. அன்ரியின் வழியைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. யன்னலால் எட்டிப் பார்த்தால் அவருடைய வாய் வடிவாகத் திறந்து மூடுகிறது.

இன்னொரு கூட்டமென்றால் ஆல்டோ வரவில்லை என்று தாங்களே நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்த மாட்டார்கள். ஆராதனையில் தொடங்கிய பாட்டை இடையில் நிறுத்துவது இந்தக் குழுவில் ஒருநாளும் நடவாதது. மின்சாரம் போனாலும், யாராவது மயங்கி விழுந்தாலும், கடைசிச் சரணம் மட்டும் பாடி முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. ரீச்சர் என் பக்கம் ஒரு கேள்விப் பார்வை பார்த்துவிட்டுக் கையை அசைத்துக்கொண்டே இருந்தார். நானும் ஒவ்வொரு பித்தானாகத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அவ பாடேல்லையோ?" என்றார் சேர்.

"பாடுறா."

"கேக்கேல்லையே."

அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அந்தப் பாட்டில் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ஒரு இடம் உண்டு. மேல் குரல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது ஆல்டோ மட்டும் கீழே மெல்ல இரண்டு படி இறங்கி ஒரு படி ஏறும். அவ்வளவுதான் அதன் வேலை. இன்றைக்கு அந்த இடத்தில் மேல் குரல் மட்டும் வெறுமனே நீண்டுகொண்டு நின்றது. இரண்டாம் சரணத்திலும் அப்படியே. சேரின் கை என் கதிரையின் முதுகைப் பிடித்தது.

"பிள்ளை, அதிலை ஒண்டு வாறது. ஒவ்வொரு ஞாயிறும் வாறது. அதைக் காணேல்லை." பிறகு குரல் இறங்கிவிட்டது. "அது அவவே?"

"ஓம் சேர்."

"அது அவவே..." என்று தனக்குத்தானே சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் சரணத்திலும் அந்த இடம் வெறுமையாக வந்து போனது.

அப்போதுதான் கணினியைப் பார்த்தேன். அன்ரியின் ட்ராக்கில் கோடு துள்ளிக்கொண்டு ஓடுகிறது. சத்தம் அங்கே போகிறது, இங்கே வரவில்லை. இதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். மிக்ஸரின் பின்னால் எட்டிப் பார்த்தேன். வரிசையில் எல்லாப் பிளக்கும் அரைவாசி தொங்க, ஒன்று மட்டும் அடிமட்டும் இறங்கி இறுகி நின்றது. அதில்தான் 'அன்ரி' என்று ஒட்டியிருந்தேன். பாட்டு ஓடும்போது அதை இழுத்தால் 'டப்' என்ற சத்தம் பதிவிலும் விழும் என்பதால் அப்படியே விட்டேன்.

"சேர், நீங்கள் இதைத் தொட்டனீங்களோ?"

"ஓம். விழுமாப்போலை கிடந்தது. அவவின்ரை வயர் எண்டு ஒட்டியிருந்தது, அதுதான் வடிவா இறுக்கிவிட்டனான். மற்றதுகளைத் தொடேல்லை."

எனக்கு வந்த கோபத்தில் அரைவாசியைச் சொல்லிவிட்டேன். படிப்பித்த வாத்தியாருக்குப் படிப்பிக்கிற மாதிரித்தான் சொன்னேன். மற்ற அரைவாசியை அவருடைய முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவர் நான் சொன்னதில் ஒரு சொல்லையும் கேட்கவில்லை. பாட்டின் கடைசிச் சரணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் அன்ரி அறையை விட்டு வந்தார். "என்ரை சத்தம் எனக்கு வரேல்லைப் பிள்ளை. நான் பிழையாப் பாடினபடியால் நீர் குறைச்சுப்போட்டீராக்கும் எண்டு நினைச்சன். சரி, ஒருத்தருக்கும் கேக்காதுதானே எண்டு நான் என்ரை பாட்டுக்குப் பாடினனான்."

சேருக்கு மறைத்து வைக்கத் தெரியாது. வயரை இறுக்கியதில் தொடங்கி, என்னிடம் வந்து கேட்டது, டொக்டர் சொன்னது என்று எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் கொட்டிவிட்டார். குழுவில் பலருக்கு ஒப்பரேசன் கதையே தெரியாது.

அன்ரியின் முகம் சிவந்தது. "செத்த வீட்டுக்குப் படம் தேடுற மாதிரியெல்லே செய்திருக்கிறீங்கள்! நான் இஞ்சை உயிரோடைதானே நிக்கிறன்?"

"சொல்லியிருந்தால் நீர் வந்திருப்பீரோ?"

"வந்திருக்க மாட்டன்!"

"அதுதான்," என்றார் சேர். கணக்கு வாத்தியார் வேறென்ன சொல்வார்.

கோபத்தில் அன்ரி கொஞ்ச நேரம் வெளியே போய் மாமரத்தடியில் நின்றார். ரீச்சர் பின்னால் போனார். என்ன கதைத்தார்களோ தெரியாது. திரும்பி வந்து நேரே என் அறைக்குள் வந்து, சேர் இருந்த கதிரையில் இருந்தார். சேர் பக்கத்தில் நின்றார்.

"போடும் பிள்ளை, கேப்பம். என்னத்தைத்தான் எடுத்து வைச்சிருக்கிறீரெண்டு."

மற்ற ட்ராக்குகளை அடைத்துவிட்டு அன்ரியுடையதை மட்டும் திறந்தேன். மூச்செடுக்கிற சத்தம். தாள் புரட்டுகிற சத்தம். பிறகு குரல். ஒத்திகையில் கேட்ட பயந்த குரல் இல்லை. தன் சத்தம் தன் காதில் வராவிட்டால் யாரும் கொஞ்சம் திறந்துதான் பாடுவார்கள். அதோடு, ஒருவருக்கும் கேட்காது என்ற தைரியமும் சேர்ந்திருந்தது. நடுத்தரமான, ஈரமான, நிமிர்ந்த குரல். நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. தனக்குப் பாட ஒன்றும் இல்லாத இடங்களில் பொறுமையாகக் காத்து நின்றது. சரணத்தின் முடிவில் இரண்டு படி இறங்கி, ஒரு படி ஏறியது.

"உது பாட்டே இல்லை," என்றார் அன்ரி வெட்கத்தோடு. "தனியக் கேட்டால் ஆருக்கு விளங்கும்?"

"எனக்கு விளங்குது," என்றார் சேர்.

மெட்டையும் ஒருக்கால் தனியாகப் பாடிவைக்கச் சொல்லி ரீச்சர் கேட்டுப் பார்த்தார். அன்ரி மறுத்துவிட்டார். "அது என்ரை இல்லை. நான் பாடினது உதுதான். உதுவே இருக்கட்டும்." அந்த மனுசியில் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

ஒப்பரேசன் நல்லபடி நடந்தது. கட்டியிலும் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. ஆனால் குரல் நரம்பில் காயம் பட்டுவிட்டது. கனநாள் வெறும் காற்றுத்தான் வந்ததாம். பிறகு வந்த குரல் வேறு யாருடையதோ மாதிரிக் கரகரத்து, நன்றாகக் கீழே இறங்கி வந்தது. டிசம்பரில், நத்தாருக்கு, நாங்கள் எடுத்த பாட்டைத் தேவாலயத்தில் போட்டபோது அன்ரி கீழே வாங்கில் சேருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாராம். சேர் தொலைபேசியில் சொன்னார். "அந்த இடம் வரேக்கை நான் அவவின்ரை கையைப் பிடிச்சனான் பிள்ளை. அவ இழுத்துப்போட்டா." தனி ட்ராக்கை வீட்டில் போட அன்ரி விடுவதில்லையாம். அதையும் சொன்னார். எனக்கு அன்று முழுதும் வேலை ஓடவில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை இருவரும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். ரெனர் பாடிய பெடியன் கனடாவுக்குப் போய்விட்டான். ஆண்கள் இல்லாமல் ரீச்சர் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்ரியின் புதுக் குரலைக் கேட்டுவிட்டு, கொண்டுபோய் ரெனரில் நிறுத்திவிட்டாராம்.

"மீசை ஒண்டுதான் குறை," என்றார் அன்ரி. கரகரத்த குரலில் அவர் பகிடி விட்டது எனக்குச் சந்தோசமாக இருந்தது. "அந்தப் பாட்டிலையே ரெனரைப் பாடிப் பழக வேணும் பிள்ளை. ஒருக்கால் பதிஞ்சு பாப்பம். ஹெட்போனிலை எல்லாரையும் விடும்."

"பழைய ஆல்டோவை அடைச்சு விடுறன் அன்ரி."

"ஏன் அடைக்கிறீர்? அவவை விடும். மற்ற ஆக்களிலும் பார்க்கக் கொஞ்சம் கூட்டி விடும்."

'அவ' என்று சொன்னதை நான் கவனித்தேன். "மனம் கஷ்டப்படாதோ அன்ரி?"

"எனக்குப் பக்கத்திலை ஒரு ஆள் வேணும். உமக்குத் தெரியுந்தானே."

கணினியில் இருந்த பழைய ட்ராக்குகளை மிக்ஸருக்குத் திருப்பி, அங்கிருந்து அன்ரியின் ஹெட்போனுக்கு விட்டேன். பழைய ஆல்டோவைக் கூட்டினேன். புது மைக்கின் பிளக்கை 'டிக்' கேட்கும் வரை அரைவாசி செருகினேன். சேர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தார். நான் சொல்லவில்லை, அவராகத்தான் அப்படி இருந்தார்.

கீபோட் தொடங்கியது. அன்ரி பாடினார். குரல் முதல் வரியில் உடைந்தது, ஒட்டியது, மறுபடி உடைந்தது. ஸ்பீக்கரில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், நிமிர்ந்த குரலும் கரகரத்த குரலும். சரணத்தின் முடிவில் மேல் குரல் நீண்டது. பழையவர் இரண்டு படி இறங்கி ஒரு படி ஏறினார். அதற்கு அடுத்த வரியில் புதியவர் மூச்சுப் போதாமல் பின்தங்கினார்.

அன்ரி கையைத் தூக்கினார். ஒரு பாட்டை அவர் இடையில் நிறுத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நிப்பாட்டும் பிள்ளை. அவ என்னை விட்டிட்டு முன்னாலை போறா." ஹெட்போனைச் சரியாக இழுத்துக் காதில் வைத்தார். "முதலிலை இருந்து விடும். இந்த முறை பிடிச்சிடுவன்."

சேர் அந்தப் பிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. நான் பாட்டை முதலிலிருந்து விட்டேன்.